கொழும்பு வெக்கையில் சிவப்பு இறால்: முதல் தொட்டி வைப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃப்ளாட். மகளுக்குச் சிவப்பு இறால் வளர்க்க ஆசை. ஒரு அடிக் கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், பில்டர், பத்து இறால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தருகிறேன், இன்றைக்கே கொண்டுபோய் விடலாம் என்கிறார் கடைக்காரர். விடலாமா? வருடத்தில் இரண்டு கிழமை யாழ்ப்பாணம் போகும்போது தொட்டியை யார் பார்ப்பது?

இன்றைக்கே விட வேண்டாம். ஹீட்டர் வேண்டவே வேண்டாம். அந்தக் காசில் தண்ணீரைச் சோதிக்கும் ஒரு டெஸ்ட் கிட் வாங்குங்கள்.

ஹீட்டரைப் பற்றி ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இறால் வளர்ப்பைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர் தங்கள் வீட்டுக்காக எழுதியவை. அவர்களுடைய கவலை தண்ணீர் குளிர்ந்துவிடும் என்பது. நமக்கு நேர்மாறு. நீங்கள் பார்த்த சிவப்பு இறால், செரி இறால் என்று விற்கிறார்களே, அதன் அறிவியல் பெயர் நியோகரிடினா டேவிடி. தாய்வான், சீனப் பக்கத்து ஓடைகளில் இருந்து வந்த இனம். 20 முதல் 26 பாகை வரை அதற்குச் சுகம். கொழும்பில் ஏ.சி. இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் சாதாரண நாளிலேயே 27, 28 பாகையில் நிற்கும். மார்ச், ஏப்ரலில் 30ஐத் தொடும்.

28 பாகையில் அது செத்துவிடாது. வேகமாக வளரும், வேகமாக முட்டை போடும், ஆயுள் கொஞ்சம் குறையும். நாட்கணக்கில் 30க்கு மேலே நின்றால்தான் ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். காரணம் சூடு மட்டுமல்ல, மூச்சும்தான். 20 பாகைத் தண்ணீர் ஒரு லீற்றரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைத்திருக்கும். 30 பாகையில் அது 7.5 அளவுக்கு இறங்கிவிடும். அதே நேரம் சூட்டில் இறாலின் உடல் அதிக ஒட்சிசனைக் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடுகிறது. அதனால் நம் ஊரில் எயார் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். மேற்கு வெயில் விழும் ஜன்னல் பக்கம், ஃப்ரிட்ஜுக்குப் பக்கம், சமையலறை இவற்றில் தொட்டியை வைக்காதீர்கள். தரைக்கு நெருக்கமான, உள்பக்கச் சுவரோரம் நல்லது. வெக்கை மாதங்களில் ஒரு சின்ன மேசை விசிறியைத் தண்ணீர்ப் பரப்பில் காற்றுப் படும்படி திருப்பி வையுங்கள். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒன்று, இரண்டு பாகைக்கு மேல் குறையாது. அந்த இரண்டு பாகையே போதும். ஐஸ் கட்டி போடாதீர்கள். திடீர் ஏற்ற இறக்கம் வெக்கையைவிட மோசம்.

கடையில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, கிரிஸ்டல் ரெட் என்று ஓர் இறால் இருக்கும். மகளின் கண் அதில்தான் போய் நிற்கும். அது கரிடினா வகை. 21 முதல் 24 பாகை வரை, அமிலத் தன்மையுள்ள தண்ணீர் கேட்கும். தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் இல்லாமல் கொழும்பில் அதை வைத்திருப்பது பணத்தையும் பிள்ளையின் மனதையும் ஒன்றாக நோகடிக்கிற வேலை. பேச்சோடு பேச்சாக, இலங்கைக்கே உரிய கரிடினா இனங்களும் உண்டு. கரிடினா சிங்கலென்சிஸ் என்பது ஹோட்டன் சமவெளியின் குளிர் ஓடைகளில் வாழ்வது. அதையும் கொழும்பு வெக்கையில் கொண்டுவந்து வைக்க முடியாது. வைக்க நினைக்கவும் கூடாது.

தொட்டி. ஒரு அடி நீளம், அகலம், உயரம் உள்ள தொட்டி விளிம்பு வரை 28 லீற்றர் பிடிக்கும். ஒன்றரை அடிக்கு ஓரடிக்கு ஓரடி என்றால் 42. முதல் தொட்டிக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சின்னத் தொட்டி புதியவருக்குச் சுலபம் என்பது கடைப் பேச்சு. தண்ணீர் குறைவு என்றால் ஒரு சிட்டிகை சாப்பாடு கூடினாலும் நஞ்சு ஏறும். மத்தியான வெக்கையும் சீக்கிரம் ஏறும். 42 லீற்றர் தொட்டி மணலோடும் கண்ணாடியோடும் 50 கிலோவைத் தாண்டும் என்பதால் ஆடாத மேசை வேண்டும். பில்டர் என்றால் எயார் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர்தான், வேறெதுவும் வேண்டாம். மோட்டர் பில்டரின் வாய்க்குள் குஞ்சுகள் போய்விடும். ஸ்பொஞ்சின் மேலேயே இறால்கள் நாள் முழுக்க மேயும். அடியில் கழுவிய ஆற்று மணல் அல்லது சின்னச் சரளை. கறுப்பு மணல் என்றால் சிவப்பு எடுப்பாகத் தெரியும். வெள்ளவத்தைக் கடற்கரை மணலை அள்ள வேண்டாம். உப்பும் அழுக்கும் எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. அக்குவா சொயில் என்று விலைகூடிய மண் ஒன்று விற்பார்கள், அது தண்ணீரை அமிலமாக்கும், கரிடினாக்காரருக்கு உரியது.

இனித் தண்ணீர். இங்கேதான் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையில் இருந்து அம்பத்தளையில் சுத்திகரித்தும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களில் இருந்தும் வருகிறது. மழைத் தண்ணீர் மலைப் பாறைமேல் ஓடி வருவதால் மென்மையானது, கல்சியம் குறைவு. யாழ்ப்பாணத்தில் அம்மா வீட்டுக் கேத்தலின் உள்ளே வெள்ளைப் படை பிடித்திருக்குமே, கொழும்பில் அது அவ்வளவாகப் பிடிக்காது. நமக்கு நல்ல தேநீர். இறாலுக்கு நல்லதல்ல. அது சில கிழமைக்கு ஒரு தடவை ஓட்டைக் கழற்றிப் புது ஓடு போடும். ஓட்டுக்குக் கல்சியம் வேண்டும். தண்ணீரில் போதவில்லை என்றால் கழற்றும்போது பாதியில் சிக்கிச் செத்துப்போகும். தலைக்கும் உடம்புக்கும் இடையில் வெள்ளை வளையம் போட்ட மாதிரி ஓர் இறால் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான், அல்லது திடீரென்று நிறையத் தண்ணீர் மாற்றியது.

டெஸ்ட் கிட்டில் இரண்டு அளவுகளைப் பாருங்கள். ஜி.எச். என்பது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மை. செரி இறாலுக்கு 6 முதல் 10 வரை வைத்துக்கொள்ளலாம். கே.எச். என்பது பி.எச்., அதாவது தண்ணீரின் அமில, கார அளவு, ஆடாமல் பிடித்து வைக்கும் காபனேற்று. 2க்குக் கீழே போகக் கூடாது. பி.எச். 6.8 முதல் 7.8 வரை எதுவாக இருந்தாலும் அதைத் துரத்திக்கொண்டு திரிய வேண்டாம். ஜி.எச். குறைவாகத்தான் வரும். கூட்டுவதற்கு இறாலுக்கென்றே விற்கும் தாதுப்பொடி உண்டு. கிடைத்தால் அதுவே நேர்வழி. கிடைக்காவிட்டால் கணவாய் ஓடு: பறவைக் கூண்டில் தொங்கவிடுகிற அதே ஓடு. ஒரு துண்டைக் கொதிக்க வைத்துத் தொட்டியில் போட்டால் மெல்ல மெல்லக் கரைந்து கல்சியத்தையும் கே.எச்.சையும் ஏற்றும். கோழித் தீனிக்கு விற்கும் சிப்பி ஓட்டுத் தூளைக் கழுவி ஒரு துணிப் பையில் கட்டி ஸ்பொஞ்சுக்குப் பக்கத்தில் வைத்தாலும் இதே பலன். இவை இரண்டிலும் மக்னீசியம் போதாது. பார்மசியில் வாங்கும் எப்சம் உப்பு, 22 லீற்றருக்கு ஒரு கிராம் என்றால் ஜி.எச். ஒன்று கூடும், ஒன்று, இரண்டு அளவுக்கு மேல் அதால் ஏற்ற வேண்டாம். இதையெல்லாம் இறால் வருவதற்கு முதல் செய்து முடித்திருக்க வேண்டும். இறால் உள்ளே இருக்கும்போது ஒரே நாளில் ஏற்றினால் நல்லதே நஞ்சாகும்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைத் தண்ணீர்தானே, ஒரு கான் கொண்டுவந்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. கடினத்தன்மை சரி. ஆனால் உரமும் மலக்குழியும் சேர்ந்து அங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடக்கிறது. பஸ்ஸில் சுமந்து வருமளவுக்குப் பெறுமதி இல்லை.

குளோரின் இன்னொன்று. கடையில் அன்டி குளோரின் என்று கேட்டால் கொடுப்பார்கள். போத்தலில் உள்ள அளவுப்படி போடுங்கள். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பதும் உண்மை. ஆனால் கொழும்பில் பல்கனியில் திறந்த வாளித் தண்ணீர் என்றால் அடுத்த கதை டெங்கு. ஏடிஸ் நுளம்புக்கு ஒரு கிழமை, பத்து நாள் போதும், முட்டையில் இருந்து பறக்கிற நிலைக்கு வந்துவிடும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கு 2007இன் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா வந்து குடம்பியைக் கண்டால் இது இறாலுக்கு வைத்த தண்ணீர் என்ற விளக்கம் எடுபடாது. வாளியை மூடுங்கள். தொட்டிக்கும் நுளம்பு வலையால் மூடி போடுங்கள். இறால் குடம்பியைப் பிடித்துத் தின்னாது. தின்னும் என்பதற்காக ஒரு சோடி கப்பி மீனை விட்டால், அது குடம்பியோடு சேர்த்து இறால் குஞ்சுகளையும் தின்னும். முதல் தொட்டியில் மீனே வேண்டாம். சின்ன நத்தைகள் இருக்கலாம்.

நுளம்பைச் சொன்னதால் கொழும்பில் இறாலைக் கொல்லுகிற முதல் எதிரியையும் சொல்லிவிடுகிறேன். அது வெக்கையல்ல, நுளம்பு மருந்து. நுளம்புத் திரி, பிளக்கில் குத்தும் திரவம், கரப்பான் ஸ்பிரே, எறும்புச் சோக், தெருவில் அடிக்கும் டெங்குப் புகை இவற்றில் பெரும்பாலானவற்றில் பைரித்ராயிட் வகை மருந்துகள் உள்ளன. பூச்சியும் இறாலும் கணுக்காலிகள், ஒரே கூட்டம். பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும். மீனுக்கும் நத்தைக்கும் ஒன்றும் தெரியாத மிகச் சின்ன அளவே இறாலுக்குப் போதும். எயார் பம்ப் என்ன செய்கிறது? அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. திரி எரியும் அறையில் பம்ப் ஓடினால் புகையை நீங்களே தண்ணீரில் கரைக்கிறீர்கள். அதனால் தொட்டி இருக்கும் அறையில் திரி, ஸ்பிரே எதுவும் கூடாது. வலை கட்டிப் படுங்கள். தெருவில் புகை அடிக்க வரும் சத்தம் கேட்டால் ஜன்னலை மூடி, பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துவாயால் மூடுங்கள். அரை மணி, முக்கால் மணி பம்ப் இல்லாமல் தாங்கும். புகை கலைந்த பிறகு போடுங்கள். தொட்டிக்குள் கை விடும் முன் கையில் நுளம்புக் களிம்பு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாடியின் மேல் தாங்கியில் குடம்பி மருந்து போட்டதாகக் கேள்விப்பட்டால் அந்தக் கிழமை தண்ணீர் மாற்ற வேண்டாம். சில மீன் மருந்துகளில் செப்புச் சல்பேற்று இருக்கும், அதுவும் இறாலுக்கு எமன்.

இதே காரணத்துக்காகப் புதுச் செடிகளையும் நேரே தொட்டியில் நடாதீர்கள். பூச்சிமருந்து அடித்த செடியாக இருக்கலாம். ஒரு கிழமை மூடிய வாளியில், தினமும் தண்ணீர் மாற்றி வையுங்கள். செடிகளில் ஜாவா பாசி கட்டாயம். குஞ்சுகள் ஒளியவும் மேயவும் அதைவிட நல்லது கிடையாது. அதோடு கிரிப்டோகொரைன் வென்டியை. உலகம் முழுக்க மீன்தொட்டிகளில் நிற்கிற இந்தச் செடி இலங்கைக்கே உரியது. நம் வெக்கையும் மென்தண்ணீரும் அதற்குப் பழக்கம். நட்ட புதிதில் இலை கரைந்து விழும், பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், கிழங்கில் இருந்து திரும்ப வரும்.

இப்போது காத்திருக்கிற பகுதி. தொட்டி, மணல், தண்ணீர், செடி, ஓடுகிற பம்ப் எல்லாம் தயார், இறால் மட்டும் இல்லை. தினமும் ஒரு சிட்டிகை மீன் சாப்பாடு போடுங்கள். அது அழுகி அமோனியா வரும். ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக்கும். இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் கொல்பவை; மூன்றாவது லீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பிரச்சினையில்லை, செடி தின்னும். இந்த பக்டீரியா ஸ்பொஞ்சிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு கிழமை. நம் வெக்கை இந்த ஓர் இடத்தில் உதவி. கொஞ்சம் சீக்கிரம் நடக்கும். தெரிந்தவரின் நோயில்லாத பழைய தொட்டி ஸ்பொஞ்சை உங்கள் தொட்டியில் பிழிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் சூட்டில் அமோனியாவின் நச்சும் கூடும் என்பதால் குளிர்நாட்டுக்காரர் தப்பிய இடத்தில் நாம் தப்ப மாட்டோம். அமோனியா, நைத்திரைற்று இரண்டும் ஒரு கிழமை தொடர்ந்து பூச்சியம் காட்டிய பிறகே கடைக்குப் போங்கள்.

அதற்குள் கண்ணாடியில் மண்ணிறப் படை, பிறகு பச்சைப் படை வரும். துடைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பக்டீரியா, பாசி, பூஞ்சணம் சேர்ந்த அந்த வழுக்கல்தான் இறாலின் சோறு. குஞ்சுகளுக்கு வேறு சாப்பாடே இல்லை. பளிச்சென்ற தொட்டியில் இறால் பட்டினி கிடக்கும். முன் கண்ணாடியை மட்டும் மகளுக்காகத் துடைத்துக்கொள்ளலாம். கொட்டம்பா (நாட்டு வாதுமை) மரத்தின் காய்ந்து உதிர்ந்த இலை ஒன்றிரண்டைக் கழுவிப் போடுங்கள். அதன்மேல் இந்தப் படை நன்றாகப் பிடிக்கும். புகைமண்டிய வீதியோரத்து மரத்தில் இருந்து எடுக்காதீர்கள்.

வாங்கும்போது பன்னிரண்டு, பதினைந்து, எல்லாம் ஒரே நிறத்தில். சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கலந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் மண்ணிறத்துக்குத் திரும்பிவிடும். இறக்குமதி வேண்டாம்; உள்ளூரில் வளர்ந்தது, வெக்கைக்குப் பழகியது என்று கேட்டு வாங்குங்கள். பெரியதை விட்டுச் சின்னதை எடுங்கள். செரி இறாலின் ஆயுளே ஒன்று, ஒன்றரை வருடம்தான். பெரியது என்றால் பாதி முடிந்திருக்கும். கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும், நீண்ட இடுக்கிக் கை உள்ள இறாலை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது ஆற்று இறால் குஞ்சு, வளர்ந்து மற்றதையெல்லாம் பிடித்துத் தின்னும்.

வீட்டுக்கு வந்ததும் பைத் தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, தொட்டியில் இருந்து எயார் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரை இறக்குங்கள். செக்கனுக்கு இரண்டு சொட்டு, ஒன்றரை மணித்தியாலம். பிறகு இறாலை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முதல் இரண்டு நாள் ஒளிந்திருக்கும். வெறும் ஓடு கிடந்தால் செத்தது என்று எடுத்து எறியாதீர்கள், அதைத் தாங்களே தின்று கல்சியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

சாப்பாடு கிழமைக்கு இரண்டு, மூன்று தடவை போதும். பதினைந்து இறாலுக்கு ஓர் அரிசி அளவுத் துண்டு. இரண்டு மணித்தியாலத்தில் மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். இறால் சாப்பாடு வாங்கலாம். இடைக்கிடை ஒரு நிமிடம் அவித்த பசளி, முருங்கை இலை. சந்தைக் கீரையில் மருந்து இருக்கும், வீட்டுச் சட்டியில் வளர்ந்த முருங்கை என்றால் தைரியமாகப் போடலாம். கூடப் போட்டால் தண்ணீர் கெடும், பிளனேரியா என்ற தட்டைப் புழு வரும். தண்ணீர் கிழமைக்குப் பத்திலொரு பங்கு மாற்றுங்கள், அவ்வளவே. ஸ்பொஞ்சை மாதத்துக்கொரு தடவை எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயில் கழுவினால் குளோரின் பக்டீரியாவைக் கொன்றுவிடும்.

கரண்ட் போனால்? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த நிலை திரும்ப வந்தாலும் கூட்டம் குறைந்த, செடி நிறைந்த தொட்டி தாங்கும். பவர் பேங்கில் ஓடும் சின்ன யூ.எஸ்.பி. எயார் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், அதோடு கவலை தீரும்.

எல்லாம் சரியாக இருந்தால் ஓரிரு மாதத்தில் ஒரு பெண் இறாலின் வயிற்றடியில் இருபது, முப்பது முட்டைகள் தெரியும். கால்களால் விசிறிக்கொண்டே இருக்கும். நம் வெக்கையில் மூன்று கிழமை அளவில் பொரிக்கும். கடல் இறால் மாதிரி மிதக்கும் குடம்பி நிலை கிடையாது. வரும்போதே இரண்டு மில்லிமீற்றர் அளவில் முழு இறாலாக வரும். மகளிடம் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்துவிடுங்கள். எத்தனை சேர்ந்தால் ஒரு சொதிக்குக் காணும் என்று வருகிற மாமாமார் கேட்பார்கள், அதற்கும் தயாராக இருங்கள். கூடிப்போனால் அயலவருக்குக் கொடுங்கள் அல்லது கடையில் திருப்பிக் கொடுங்கள். வெள்ளவத்தைக் கால்வாயில் மட்டும் விடாதீர்கள். தொட்டியில் இருந்து தப்பிய கத்தி மீனும் டாங்க் கிளீனர் மீனும் இலங்கை நீர்நிலைகளில் இன்றைக்குச் செய்கிற அட்டகாசம் போதும்.

இனி யாழ்ப்பாணப் பயணம். நல்லூர்த் திருவிழாவுக்கு இரண்டு கிழமை போகிறீர்கள் என்றால், நாலைந்து மாதம் ஓடிப் படை பிடித்த தொட்டிக்குச் சாப்பாடே தேவையில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் வற்றிய அளவுக்குக் குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள். ஒரு கொட்டம்பா இலை கூடுதலாகப் போடுங்கள். லைட்டை டைமரில் ஆறு மணித்தியாலத்துக்கு வையுங்கள். மேல்மூடி வலை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அன்ரியிடம் திறப்பைக் கொடுத்தால், பம்ப் குமிழி விடுகிறதா என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டு டப்பாவை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.